களத்துமேட்டு வாரமும் ஒரே விகித வருமான வரியும்

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, இப்போது திருச்சியில் ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் சம்பளத்தில் மென்பொருள் வேலை பார்க்கும் ஒரு தம்பி, தம் வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வந்தபோது என்னிடம் கேட்ட கேள்வி இது: "எங்கள் தாத்தா நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, விட்டிருந்த காலத்தில், மூன்று மா உழுதவருக்கும் ஒரு வேலி உழுதவருக்கும் வாரம் ஒன்றுதான், அதை யாரும் குறை சொன்னதில்லை. வருமான வரியில் மட்டும், அதிகம் சம்பாதிப்பவரிடம் விகிதத்தையும் ஏற்றி வாங்குகிறார்கள். எல்லோருக்கும் 15 சதவீதம் என்று வைத்துவிட்டால் அதுதானே நியாயம்?" கும்பகோணத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வரிக் கணக்குப் பார்க்கும் தொழிலில் இருந்தும், அன்று பத்து நிமிடத்தில் நான் சொன்ன விடை எனக்கே நிறைவாக இல்லை. ஆகவே விரிவாக எழுதுகிறேன்.

அவர் சொல்லும் வடிவத்தில், அதாவது இன்றுள்ள வரி அடுக்குகளை எடுத்துவிட்டு 15 சதவீதத்தை மட்டும் வைப்பது, நியாயம் ஆகாது என்பதே என் முடிவு. அதே சமயம், ஒரே விகிதம் என்ற எண்ணமே அநியாயமானது என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. விகிதம் ஒன்றா பலவா என்பதைக் காட்டிலும், அந்த விகிதத்தைப் போடுவதற்கு முன்னால் எதை ஒதுக்கி வைக்கிறோம், எதைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுகிறோம் என்பதில்தான் நியாயமும் அநியாயமும் இருக்கின்றன.

முதலில் வாரத்துக்கு வருகிறேன். அதை யாரும் குறை சொன்னதில்லை என்பது சரியன்று. தஞ்சை மாவட்டத்து விவசாயிகள் நடத்திய போராட்டங்களில் பெரும்பகுதி வாரத்தையும் கூலியையும் பற்றியவை. அவற்றின் விளைவாகவே 1952-இல், ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குடியானவருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்காவது கிடைக்க வேண்டும் என்று அது வரையறுத்தது. 1956-இல் வந்த நியாய வாரச் சட்டம் அதைத் திருப்பிப் போட்டு, நன்செயில் நிலவுடைமையாளரின் பங்கே 40 சதவீதம்தான் என்றது. பின்னாளில் அது 25 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆனால் தம்பியின் பேச்சில் ஓர் உண்மை இருக்கிறது. அந்தப் போராட்டங்கள் எல்லாம் விகிதம் எவ்வளவு என்பதைப் பற்றியவை. சிறு குடியானவருக்கு ஒரு விகிதம், பெரிய குடியானவருக்கு ஒரு விகிதம் என்று கேட்டவை அல்ல.

சிறுவனாக இருந்தபோது வலங்கைமான் பக்கத்தில் என் தாய்மாமன் களத்தில் பொலி அளப்பதைப் பார்த்திருக்கிறேன். தூற்றி முடித்த நெல்லைக் குவித்து, அளப்பவர் முதல் மரக்காலை "லாபம்" என்று சொல்லிப் போட்டு, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போவார். நிலவுடைமையாளரின் பங்கான மேல்வாரத்துக்கு ஒரு குவியல், உழுதவரின் பங்கான குடிவாரத்துக்கு ஒரு குவியல். காரியஸ்தரின் கண் மரக்காலின் வாய் மீதே இருக்கும். தலைதட்டி அளந்தாரா, கூம்பாக அளந்தாரா என்பதில்தான் சண்டை வரும். அளவு ஒன்றாக இருந்துவிட்டால் நியாயம் நடந்துவிட்டது என்றே எல்லோரும் எழுந்து போவார்கள். எனக்கும் அன்று அப்படித்தான் தோன்றியது.

இப்போது அந்தக் களத்துக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். மா ஒன்றுக்குக் கண்டுமுதல், அதாவது கைக்கு வரும் விளைச்சல், 10 கலம் என்றும், 1952 சட்டப்படி குடிவாரம் ஐந்தில் இரண்டு என்றும், ஒரு குடும்பம் சாப்பிட மாதத்துக்கு 3 கலம் நெல் வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். மூன்று மா, அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கர் உழுதவருக்கு 30 கலம் விளையும். அவர் பங்கு 12 கலம். நான்கு மாதத்தில் குதிர் காலி. ஒரு வேலி, அதாவது 20 மா உழுதவருக்கு 200 கலம் விளையும். அவர் பங்கு 80 கலம். ஆண்டு முழுவதும் சாப்பிட 36 கலம் போனாலும் 44 கலம் விற்பனைக்கு நிற்கும். இருவரிடமிருந்தும் நூற்றுக்கு அறுபதுதான் போயிற்று. ஒருவரிடமிருந்து போனது அவர் விற்றிருக்கக்கூடிய நெல். மற்றவரிடமிருந்து போனது ஆறு மாதச் சோறு. மரக்கால் ஒன்றாக இருந்தது, சுமை ஒன்றாக இல்லை.

படிப்படியாக உயரும் வரிக்குப் பின்னால் இருக்கும் வாதம் முழுவதும் இதுதான். பிரிட்டனின் பொருளியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் 19-ஆம் நூற்றாண்டில் இதை எண்ணிப் பார்த்து, பிழைப்புக்கு வேண்டியதை முதலில் ஒதுக்கிவிட்டு, அதற்கு மேற்பட்டதற்கு எல்லோருக்கும் ஒரே விகிதம் போதும் என்ற முடிவுக்கு வந்தார். விகிதத்தையும் ஏற்றுவது உழைத்துச் சேமித்தவருக்குத் தண்டனை என்பது அவர் கருத்து. நம் தம்பி சொல்வதும் அதுவேதான். ஆகவே இதை வசதி படைத்தவர்களின் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

ஏற்றிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதையும் இந்த நாடு பார்த்திருக்கிறது. 1973-74-இல் வருமான வரிக்கு 11 அடுக்குகள் இருந்தன. உச்ச அடுக்கில் 85 சதவீத வரி, அதன் மேல் 15 சதவீதக் கூடுதல் வரி, ஆக 97.75 சதவீதம். கடைசியாகச் சம்பாதித்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் இரண்டே கால் ரூபாய்தான் கையில் நிற்கும். அப்படி ஒரு விகிதத்தை நேர்மையாகக் கட்டுவார்கள் என்று எதிர்பார்ப்பது வீண். வரி ஏய்ப்புக்கு இந்த உயர்ந்த விகிதங்களே முக்கியக் காரணம் என்று நேரடி வரிகளை ஆராய அரசு அமைத்த வாஞ்சூ குழு ஏற்கெனவே 1971-இல் எடுத்துச் சொல்லியிருந்தது. பிறகு விகிதங்கள் படிப்படியாக இறங்கி, 1997-98 நிதிநிலை அறிக்கையில் 10, 20, 30 என்ற மூன்று அடுக்குகளில் வந்து நின்றன. ஒரே விகிதம் கேட்பவர்களுக்கு இந்த வரலாறு பெரிய ஆதாரம். அதை மறுக்க முடியாது. ஆனால் 97.75 சதவீதத்துக்கு எதிரான வாதத்தை அப்படியே 30 சதவீதத்தின் மேல் தூக்கி வைப்பது பொருந்தாது. நூற்றில் எழுபது கையில் நிற்கும்போது, இன்னொரு வேலையை எடுத்துச் செய்யாமல் விட்டவர் ஒருவரையும் என் தொழிலில் நான் கண்டதில்லை.

இனி அந்த 15 சதவீதம். 2025-26 நிதியாண்டின் புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் முறையே 5, 10, 15, 20, 25 சதவீதம். 24 லட்சத்துக்கு மேற்பட்டதற்கு 30 சதவீதம். இதைத் தவிர, 12 லட்சம் வரை வருமானம் உள்ளவரின் வரி முழுவதும் தள்ளுபடி ஆகிவிடுகிறது. இந்த இடத்தில் 4 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் எல்லோருக்கும் 15 சதவீதம் என்று வைத்துப் பாருங்கள். 12 லட்சம் உள்ளவர் இன்று எதுவும் கட்டுவதில்லை; அவருக்கு 1,20,000 ரூபாய் வரி வரும். 20 லட்சம் உள்ளவர் இன்று 2 லட்சம் கட்டுகிறார். அது 2,40,000 ஆகும். 24 லட்சத்தில் இன்றும் 3 லட்சம், அப்போதும் 3 லட்சம். ஒரு கோடி உள்ளவர் இன்று 25,80,000 ரூபாய் கட்டுகிறார். அது 14,40,000 ஆகக் குறையும். கூடுதல் வரியையும் 4 சதவீத செஸ்ஸையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் ஒரு கோடிக்காரரின் ஆதாயம் இன்னும் கூடும். ஆக, 24 லட்சத்துக்குக் கீழே வரி கட்டும் நிலையில் உள்ள ஒவ்வொருவரும் இன்றைக்குக் கட்டுவதை விட அதிகம் கட்ட, அதற்கு மேலே உள்ள ஒவ்வொருவரும் குறைவாகக் கட்டுவார்கள். கேள்வி கேட்ட தம்பிக்கே, 75,000 ரூபாய் நிலையான கழிவு போக 17,25,000-க்கு இன்றைய வரி 1,45,000. அவர் விரும்பும் முறையில் 1,98,750. இதைத் தாளில் எழுதிக் காட்டியபோது அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

இங்கேயே நிறுத்திவிட்டால் நான் ஒருபக்கமாகப் பேசியதாகிவிடும். அதே ஒரே விகிதத்தை வேறு மாதிரி வைத்துப் பாருங்கள்: 12 லட்சம் வரை வரியே இல்லை, அதற்கு மேல் எல்லோருக்கும் 27 சதவீதம். 16 லட்சம் உள்ளவருக்கு 1,08,000. இன்று அவர் கட்டுவது 1,20,000. 20 லட்சத்துக்கு 2,16,000, இன்று 2,00,000. 50 லட்சத்துக்கு 10,26,000, இன்று 10,80,000. ஒரு கோடிக்கு 23,76,000. இன்றைய அடுக்குகள் தரும் விடைக்கு இது மிக அருகில் வந்துவிடுகிறது. விகிதம் ஒன்றே ஒன்றுதான். ஆனாலும் மொத்த வருமானத்தில் வரியின் பங்கு 16 லட்சத்தில் ஏழு சதவீதத்துக்கும் குறைவு, ஒரு கோடியில் கிட்டத்தட்ட 24 சதவீதம். உயரும் வரியின் குணம் இதிலேயே அடங்கிவிடுகிறது. மேலே ஒரு வசதியும் உண்டு. இன்றைய தள்ளுபடி முறையில் 12 லட்சத்துக்கு மேல் சுமார் 12,70,000 வரை கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒவ்வொரு ரூபாயும் வரிக்கே போய்விடுகிறது. அந்தக் குறுகிய இடத்தில் சிக்கிக்கொண்ட ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள் என்று ஆண்டுதோறும் சிலர் என்னிடம் வந்து புலம்புகிறார்கள். 27 சதவீத முறையில் அந்தப் பள்ளம் இராது. ஆகையால் ஒரே விகிதத்தின் மீது எனக்குப் பகை இல்லை. ஆனால் ஒரே விகிதம் கேட்டு என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவர்களில் ஒருவர்கூட 27 என்று கேட்டதில்லை. 10 என்பார்கள், 15 என்பார்கள். அவர்கள் கேட்பது குறைந்த விகிதம். அதை நேரடியாகவே கேட்கலாம். அதற்குச் சமத்துவம் என்று பெயர் வைப்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

அடுக்குகள் இருப்பதால்தான் வரிச் சட்டம் சிக்கலாக இருக்கிறது என்பது இன்னொரு வாதம். அனுபவத்தில் அது உண்மை இல்லை. ஏழு அடுக்குகளுக்குக் கணக்குப் போட எனக்கு இரண்டு நிமிடம் போதும். வருமானம் எது என்று கண்டுபிடிக்கத்தான் இரண்டு நாள் ஆகிறது. எந்தச் செலவைக் கழிக்கலாம், தேய்மானம் எவ்வளவு, மனை விற்ற பணத்தில் லாபம் எவ்வளவு என்ற கேள்விகள் ஒரே விகிதத்திலும் அப்படியே இருக்கும். அதோடு, சம்பளத்துக்கு 30 சதவீதம் வரை போகும் சட்டம், பங்குச் சந்தையில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கை விற்ற லாபத்துக்கு, 1,25,000 ரூபாய் போக, 12.5 சதவீதம்தான் கேட்கிறது. எல்லா மனிதருக்கும் ஒரே விகிதம் என்பதற்கு முன்னால், எல்லா வகை வருமானத்துக்கும் ஒரே அளவுகோல் என்று கேட்டால் அந்தக் கோரிக்கையின் பக்கம் நான் நிற்பேன்.

வெளிநாட்டு அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்தோனியா 1994-இல் ஒரே விகிதத்துக்கு மாறி இன்றும் அதிலேயே இருக்கிறது. பல்கேரியா 10 சதவீதத்திலும் ஹங்கேரி 15 சதவீதத்திலும் நிற்கின்றன. ரஷ்யா 2001-இல் 13 சதவீதம் என்று வைத்து, 2021-இல் அதிக வருமானத்துக்கு இரண்டாம் விகிதம் சேர்த்து, 2025-இல் ஐந்து அடுக்குகளுக்குப் போய்விட்டது. 2004-இல் மாறிய ஸ்லோவாக்கியா 2013-இல் திரும்பியது. லாட்வியா 2018-இல் திரும்பியது. ரஷ்யாவில் அந்த மாற்றத்துக்குப் பின் வரி வசூல் ஏறியதை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அதே ஆண்டுகளில் எண்ணெய் வருவாயும் சம்பளங்களும் ஏறின, வசூல் நிர்வாகமும் இறுகியது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே அதற்கு முன் கீழ் அடுக்கில் 12 சதவீதம் கட்டியவர்கள் 13-க்கு ஏற்றப்பட்டார்கள், 30 சதவீதம் கட்டியவர்கள் 13-க்கு இறக்கப்பட்டார்கள்.

வருமான வரியே கட்டாதவர்கள் நாட்டுக்கு எதுவும் கொடுப்பதில்லை என்றும், ஒரே விகிதம் வந்தால் எல்லோரும் பங்கேற்பார்கள் என்றும் தம்பி ஒரு வார்த்தை சொன்னார். இந்த ஒன்றுதான் என்னை வருத்தியது. நம் ஊரில் எல்லோரும் கட்டும் ஒரே விகித வரி ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு ஜிஎஸ்டி என்று பெயர். ஓர் ஏக்கர் குத்தகைக்கு எடுத்து உழுபவர் உர மூட்டைக்கு 5 சதவீதம் கொடுக்கிறார். ஐம்பது ஏக்கர்க்காரரும் அதே 5 சதவீதம்தான். கடைக்காரர் தாம் கட்டிய வரியை அடுத்தவர் மேல் தள்ளி உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ள முடியும். நெல் விளைவிப்பவருக்கு அந்த வழி கிடையாது. 2022 ஜூலையில் 25 கிலோ வரை பொதியப்பட்டு விவரச் சீட்டு ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத வரி வந்ததும், நம் கடைத்தெருக்களில் 26 கிலோ சிப்பம் வந்து இறங்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரே தடவையில் 26 கிலோவுக்குப் பணம் எடுத்து வைக்க முடிந்தவருக்கு அந்த வரி இல்லை. ஐந்து கிலோ, பத்து கிலோ பையாக வாங்குபவருக்கு உண்டு. ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது என்றாலும், சோப்பு, செருப்பு, கைப்பேசி என்று வாங்கும் ஒவ்வொன்றிலும் கூலித் தொழிலாளி வரி கட்டுகிறார். முதலாம் குலோத்துங்கனைச் "சுங்கம் தவிர்த்த சோழன்" என்று இந்த மண் இன்றும் நினைவு வைத்திருப்பதற்கு, சரக்கின் மேல் விழும் வரி கடைசியில் யார் மடியில் கைவைக்கும் என்பதை மக்கள் அறிந்திருந்தது ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். பொருள் வரி ஏழையிடம் கூடுதலாக வாங்கும்போது, வருமான வரி மேலே உள்ளவரிடம் கூடுதலாக வாங்கினால்தான் இரண்டும் சேர்ந்து ஓரளவுக்குச் சமன் ஆகும். ஒன்றை மட்டும் தனியே எடுத்து நியாயம் பேசக் கூடாது.

கடைசியாக, டெல்டாவில் இருந்துகொண்டு வரியின் நியாயத்தைப் பேசும் எவரும் தாண்டிப் போகக் கூடாத ஒன்று விவசாய வருமானம். இந்தியாவில் 1860-இல் பிரிட்டிஷ் அரசின் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் முதல் வருமான வரியைக் கொண்டுவந்தபோது அது நிலத்து வருமானத்தையும் பிடித்தது. நிலவரி தனியாக வாங்குகிறோமே என்பதால் 1886-இன் சட்டம் அதை விலக்கியது. அந்த விலக்கு இன்று வரை தொடர்கிறது. விவசாய வருமானத்துக்கு வரி விதிக்கும் அதிகாரத்தை நம் அரசியல் சட்டம் மாநிலங்களிடம் கொடுத்திருக்கிறது. பயிர் செய்பவரின் வருமானம் மட்டுமன்றி, சென்னையில் உட்கார்ந்துகொண்டு வாங்கும் குத்தகைப் பணமும் சட்டத்தின் கண்ணில் விவசாய வருமானமே.

இந்த விலக்கு நெல் விவசாயிக்கு ஒன்றும் பெரிதாகக் கொடுத்துவிடவில்லை. ஐந்து ஏக்கரில் ஏக்கருக்கு 24 குவிண்டால் விளைந்து, 2025-26-இன் குறைந்தபட்ச ஆதரவு விலையான 2,369 ரூபாய்க்குக் கொள்முதல் நிலையத்தில் அத்தனையும் போட்டாலும் ஒரு போகத்துக்கு வருவது 2,84,280 ரூபாய். நாற்று, நடவு, உரம், அறுவடை இயந்திர வாடகை எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். விலக்கே இல்லாவிட்டாலும் அவர் 4 லட்சத்துக்குள்தான் நிற்பார். விலக்கின் முழுப் பயன் பெரிய கைகளுக்கே போகிறது.

இதை ஓரளவாவது சரிசெய்ய, விவசாய வருமானத்துக்கு வரி விதிப்பதை ஆராய்ந்த கே. என். ராஜ் குழுவின் அறிக்கைக்குப் பின் 1973-இல் ஓர் ஏற்பாடு வந்தது. வேறு வருமானம் உள்ளவருக்கு விவசாய வருமானமும் இருந்தால், அதற்கு வரி போடாமல், விகிதத்தைத் தீர்மானிக்க மட்டும் அதைச் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டையும் கூட்டி ஒரு வரி, விவசாய வருமானத்தோடு வரியில்லா வரம்பைக் கூட்டி ஒரு வரி. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் கிடைப்பது கட்ட வேண்டியது. அரிசி ஆலையில் 40 லட்சமும், கொள்ளிடக் கரை வாழைத் தோட்டத்தில் 10 லட்சமும் வருமானம் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வாழை இல்லாவிட்டால் அவர் வரி 7,80,000. வாழையைச் சேர்த்தால் 9,90,000. அந்தப் பத்து லட்சம் விலக்குப் பெற்றதுதான். ஆனாலும் அது அவரை மேல் அடுக்குக்குத் தள்ளி 2,10,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வைக்கிறது. இப்போது எல்லோருக்கும் 15 சதவீதம் என்று வைத்து இதே கழித்தலைச் செய்து பாருங்கள். கூட்டும்போது பத்து லட்சத்துக்கு 15 சதவீதம், கழிக்கும்போதும் பத்து லட்சத்துக்கு 15 சதவீதம், மிச்சம் பூஜ்யம். தள்ளிவிட மேல் அடுக்கு என்று ஒன்று இல்லாததால், அந்த ஏற்பாடு தானாகவே செத்துவிடும். ஒரே விகிதத்தைப் பற்றிய விவாதங்களில் இதை எவரும் எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை. நம் பகுதிக்கு இதை விடப் பெரிய விளைவு வேறு இல்லை.

தம்பிக்கும் இதில் பங்கு உண்டு. தாத்தாவின் மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு விட்டதில் ஆண்டுக்கு 60,000 ரூபாய் வருகிறது என்றார். அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் அவருடைய வரி 1,45,000-இலிருந்து 1,54,000 ஆகிறது. அந்த 9,000 ரூபாயை ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டார். அந்த மூன்று ஏக்கரில் மழையிலும் வெயிலிலும் நிற்பவர் உரக்கடையில் 5 சதவீதம் கட்டிவிட்டுத்தான் உங்களுக்கு அந்த 60,000-ஐ எண்ணிக் கொடுக்கிறார் என்றேன். வரப்பில் கால் வைக்காமல் அதைப் பெறும் நீங்கள், அதிலிருந்து 9,000 கட்டுவது எனக்கு அநியாயமாகத் தெரியவில்லை என்றும் சொன்னேன். அவர் அந்தத் தொகையையும் சேர்த்தே கணக்கைத் தாக்கல் செய்யச் சொல்லிவிட்டுப் போனார்.